எஸ்டேட் என்னும் ஊர்

செபராங் பிறைப் பக்கம் அறுபது வயதைத் தாண்டிய தமிழர் இருவர் கல்யாணப் பந்தியில் அருகருகே உட்கார்ந்தால், பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: “நீங்க எந்தத் தோட்டம்?” எந்த ஊர் என்று கேட்பதில்லை. “ஜுரு எஸ்டேட்டுங்க” என்றோ, “ஆல்மா” என்றோ, “பைரம்” என்றோ பதில் வரும். கேள்வியில் தோட்டம், பதிலில் எஸ்டேட். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் நடுவில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் அந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. அதை நடந்து பார்க்க ஜுருவைவிடப் பொருத்தமான இடம் பினாங்கு மாநிலத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

ஜார்ஜ்டவுனிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் இறங்கித் தெற்கே திரும்பினால் கொஞ்ச நேரத்தில் ஜுரு வந்துவிடும். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது டோல் சாவடியின் பெயர். கார் பார்க்கப் போகிறவர்களுக்கு ஆட்டோ சிட்டி. கடலோரத்தை அறிந்தவர்களுக்குக் குவாலா ஜுரு, அதாவது ஜுரு ஆற்றின் முகத்துவாரம். தமிழருக்கு முதலில் அது எஸ்டேட். ஜுரு வட்டாரத்தைச் சுற்றி வந்தால் ஆங்கிலத்தில் ‘எஸ்டேட்’ என்றே எழுதக்கூடிய மூன்று வேறு இடங்களைப் பார்க்கலாம்: மரம் நட்டு ஆள் வைத்துப் பயிர் செய்த நிலம், வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பு, ஆலைகள் நிறைந்த பகுதி. ஆங்கிலத்துக்கு ஒரே சொல் போதும். நம் வாயில் அது மூன்றாகப் பிரிந்துவிட்டது: தோட்டம், தாமான், பேட்டை.

அந்தச் சொல் பிறந்தபோது அதில் நிலமே கிடையாது. லத்தீனில் ‘ஸ்தாரே’ என்றால் நிற்பது. ‘ஸ்தாதுஸ்’ என்றால் நிற்கும் நிலை. பழைய பிரெஞ்சு அதை ‘எஸ்தாத்’ ஆக்கியது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது மனிதரின் நிலையைத்தான் குறித்தது: ஒருவருடைய பருவம், தகுதி, சமூகத்தில் அவர் நிற்கும் இடம். குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று வகுப்பாரும் மூன்று எஸ்டேட்டுகள் எனப்பட்டனர். 1789இல் பிரெஞ்சு அரசன் கூட்டிய சபையின் பெயரும் இந்த வகுப்புகளை வைத்தே வந்தது. பத்திரிகைத் துறையை நான்காவது எஸ்டேட் என்பது அந்தக் கணக்கின் தொடர்ச்சி. தமிழில் நாம் பத்திரிகையை நான்காவது தூண் என்கிறோம். தூணும் நிற்பதுதான் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இதே சொல்லின் முதலெழுத்து உதிர்ந்த வடிவம்தான் ‘ஸ்டேட்’. அரசு என்ற பொருளும் மாநிலம் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆக, எஸ்டேட்டும் ஸ்டேட்டும் உடன்பிறப்புகள். வடமொழியின் ‘ஸ்தா’ என்ற வேரும் இந்தக் குடும்பமே. ஸ்தானம், சமஸ்தானம் இரண்டும் அதில் கிளைத்தவை. தமிழிலும் இப்படி ஓர் இணை இருக்கிறது. நில் என்ற வினையிலிருந்து நிலை வருகிறது. நிலமும் அதே வேரிலிருந்து வந்தது என்று சொல்லாய்வாளர் பலர் கொள்வர். நிலத்தோடு ‘மா’ சேர்ந்தால் மாநிலம். உறவில்லாத இரண்டு மொழிகள், கால் ஊன்றி நிற்பதிலிருந்து புறப்பட்டு மண்ணுக்கும் ஆட்சிக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன.

நிலைக்கு நிலம் என்ற பொருள் எப்படி வந்தது? இடைக்கால இங்கிலாந்தின் சட்டப்படி மண் முழுவதும் அரசனுடையது. பிரபு வைத்திருந்தது மண்ணின் மேல் ஓர் உரிமை மட்டுமே. தன் ஆயுள் வரைக்கும் ஒருவருக்கு உரிமை இருக்கலாம், வாரிசு உள்ளவரை இருக்கலாம், குறித்த ஆண்டுகளுக்கு மட்டும் இருக்கலாம். அந்த உரிமைக்குத்தான் சட்டம் எஸ்டேட் என்று பெயர் வைத்தது. எவ்வளவு ஏக்கர் என்பது அதில் கேள்வியே அல்ல. எவ்வளவு காலம், யாருக்குப் பிறகு யார் என்பதே கேள்வி. பிறகு வழக்கில் உரிமையின் பெயர் சொத்துக்கு ஏறியது, சொத்தின் பெயர் வேலி போட்ட மண்ணுக்கு ஏறியது. இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கு இன்றும் எஸ்டேட் என்றே பெயர். இந்தியாவில் 1953 முதல் 1985 வரை அதன்மேல் ‘எஸ்டேட் டியூட்டி’ என்ற வரி இருந்தது. ரியல் எஸ்டேட்டில் உள்ள ‘ரியல்’ உண்மை என்ற பொருளில் வந்ததன்று. பொருள், வஸ்து என்று அர்த்தமுள்ள லத்தீன் ‘ரேஸ்’ அதன் மூலம்.

தமிழ் மண்ணில் இந்தச் சொல் முதலில் ஏறி உட்கார்ந்தது மலைத்தோட்டத்தில் இல்லை, ஜமீனில். 1802ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரி ஏற்பாட்டுக்குப் பிறகு ராமநாதபுரமும் சிவகங்கையும் ஆங்கிலேயரின் ஏடுகளில் எஸ்டேட்டுகள் ஆயின. உள்ளூரில் சமஸ்தானம் என்றார்கள். ஆவணத்தில் லத்தீன் வேர், பேச்சில் வடமொழி வேர். இரண்டும் ஒரே நிலைதான். 1908இல் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் வந்தது. நாற்பது ஆண்டு கழித்து, 1948இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையின் காலத்தில் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. பாடநூல்கள் ஜமீன் ஒழிப்பு என்று சொல்வது இதைத்தான். எஸ்டேட்டுகளை ஒழித்த ஆட்சியின் தலைவர் பெயரில் சென்னையில் இன்று ஓர் எஸ்டேட் இருக்கிறது. அண்ணா சாலையில், ஆங்கிலேய ஆளுநர்கள் வாழ்ந்த அந்த வளாகத்தின் பெயர் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். மெட்ரோ நிலையத்தின் பலகையில் ஆங்கிலத்தில் கவர்மென்ட் எஸ்டேட், தமிழில் அரசினர் தோட்டம்.

அந்த ஒழிப்புச் சட்டம் எல்லா எஸ்டேட்டையும் தொடவில்லை. நெல்லைச் சீமையின் சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் அங்கே எழுந்தன. பிறகு ஜமீன் என்ற எஸ்டேட் ஒழிந்தது, நிலம் அரசுக்குப் போனது. அதற்குள்ளே இருந்த தேயிலை எஸ்டேட் குத்தகையோடு அப்படியே தொடர்ந்தது. குத்தகை 2028இல் முடிய வேண்டும். 2024இல் நிறுவனம் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வெளியேறத் தொடங்கியது. தலைமுறைகளாக அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் மலையிறங்க வேண்டியதாயிற்று. காலம் முடியும் உரிமை என்ற பழைய சட்டப் பொருளின் பாரத்தை அந்தத் தொழிலாளர் சுமந்தார்கள். மாஞ்சோலையில் நடந்ததைப் படிக்கும் மலேசியத் தமிழருக்கு அது தன் வீட்டுக் கதையாகத்தான் தெரியும்.

ஜுருவுக்கு வருவோம். எதிர்க்கரைத் தீவைப் பெற்ற பிரிட்டிஷார் 1800இல் கெடா சுல்தானிடமிருந்து இந்தப் பெருநிலத் துண்டையும் பெற்று, வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயரிட்டார்கள். 1840களில் ஐரோப்பியர் இங்கே கரும்பைப் பெரிய அளவில் பயிரிட்டனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பினாங்குக்கு வந்து இந்தச் சேற்றுநிலங்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். ஒப்பந்தமுறை 1910இல் நின்றது. அதற்கு முன்பே தொடங்கிவிட்ட, கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் திரட்டிவரும் கங்காணிமுறை 1938 வரை நடந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. எஸ்டேட் என்ற பெயர் மட்டும் எல்லாப் பயிர்களையும் தாண்டி நின்றது.

அந்த எஸ்டேட்டுகளுக்கு வைத்த பெயர்களைக் கொஞ்சம் கவனிக்கத் தோன்றுகிறது. ஆல்மாவும் மலாகோஃபும் 1850களில் நடந்த கிரிமியப் போரின் களங்கள். கலிடோனியா ஸ்காட்லாந்தின் பழம்பெயர். வால்டோர் பிரெஞ்சில் பொன் பள்ளத்தாக்கு. நிபோங் தெபால் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களை ஆண்ட ராம்ஸ்டன் குடும்பத்துக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருந்த பரம்பரை இருப்பிடம் பைரம். இங்கேயும் ஒரு பைரம். துரை தன் நினைவில் இருந்த இடங்களை இந்தச் சதுப்பில் நட்டுவைத்தார். ஜுரு, ஜாவி, பத்து காவான் ஆகிய பெயர்கள் மட்டும் மண்ணின் மலாய்ப் பெயர்களாகவே தங்கின. மலாயில் ‘ஜுரு’ ஒரு தொழிலில் தேர்ந்தவரைக் குறிக்கும் முன்னொட்டு. ஜுருதெரா பொறியாளர், ஜுருராவாத் தாதி, ஜுருபஹாசா மொழிபெயர்ப்பாளர். அந்தப் பெயர் தாங்கிய இடத்தில், ரப்பர் மரத்தின் பட்டையை உயிர்ச்சதையில் படாமல் மெல்லிய சீவலாக எடுக்கத் தெரிந்தவர்கள் வாழ்ந்தார்கள். அரசாங்க ஏடுகள் அவர்களைத் தொழில் தெரியாத கூலிகள் என்று எழுதின. பால்மரத்தின் முன் விடியலுக்கு முன்னால் நின்ற யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எஸ்டேட் என்ற சொல் தனியாகவும் வரவில்லை. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம், ஆங்கிலத்தில் வரிசைக்கு உள்ள சொல்லிலிருந்து. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, படைவீரர் அணிவகுப்பிலிருந்து. வேலையை மேற்பார்க்கும் மண்டோர், போர்ச்சுக்கீசியத்தில் ஏவுகிறவரைக் குறித்த சொல் மலாய் வழியாக. கணக்கு எழுதும் கிராணி, இந்துஸ்தானியிலிருந்து. ஆனால் எஸ்டேட்டுக்கு மட்டும் நம் மக்கள் சொந்தமாகத் தமிழ்ப்பெயர் ஒன்று வைத்தார்கள்: தோட்டம்.

இந்தப் பெயரிடல் சாதாரணமானதன்று. ஊரில் தோட்டம் என்றால் என்ன? கொங்குநாட்டில் மானாவாரி நிலம் காடு. கிணறு வெட்டி நீர் இறைத்துப் பயிர் வைத்த நிலம் தோட்டம். மற்ற சீமைகளில் வீட்டுக்குப் பின்னால் வாழையும் முருங்கையும் நிற்கும் இடம். எங்கும் அது சொந்தக்காரன் கை பட்ட இடம். ஆயிரம் ஏக்கர் ரப்பர்க்காட்டை அந்தப் பெயரால் அழைத்தபோது, லண்டனில் உள்ள ஒரு கம்பெனியின் உடைமையைத் தமிழர்கள் தங்கள் கொல்லைப்புறத்தின் பெயரால் கூப்பிட்டார்கள். இதில் தமிழர் தனியாகவும் இல்லை. சிங்களத்தில் தேயிலை எஸ்டேட் ‘வத்த’, அதுவும் தோட்டமே. அசாமில் சாய் பகான், அதுவும் தோட்டமே. இந்தப் பெயரிடலில் அன்பு இருக்கிறது. ஆனால் அது ஒன்றை மறைத்தும்விட்டது என்று நான் நினைக்கிறேன். எஸ்டேட் என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டால் யாருடையது என்ற கேள்வி உடனே எழும். தோட்டம் என்றால் அது எழாது. நாங்கள் ஜுரு தோட்டம் என்று சொன்னவருக்கு ஜுரு எஸ்டேட்டில் ஒரு சாண் மண் கிடையாது. வேலையை விட்டு நின்றால் லய வீட்டையும் விட வேண்டும். நூறு ஆண்டு வாழ்ந்த குடும்பத்துக்கும் அதுதான் விதி.

சட்டமும் புள்ளியியலும் எஸ்டேட்டை எப்படி அளந்தன என்பது இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. மலேசியாவில் ரப்பர்க் கணக்கெடுப்பில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால் எஸ்டேட், குறைந்தால் சிறுதோட்டம். இங்கே அளவுகோல் மண். இலங்கையின் குடிக்கணக்கெடுப்பு மக்களை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கும். அங்கே 20 ஏக்கர் பரப்பும் குடியிருக்கும் தொழிலாளர் 10 பேரும் இருந்தால் அது பெருந்தோட்டத் துறை. கிராமமும் இல்லாத, நகரமும் இல்லாத மூன்றாவது வகை மனிதர்கள். பிரபுக்களையும் பொதுமக்களையும் வகுத்துக் காட்டிய அந்தப் பழைய எஸ்டேட் இலங்கை மலையகத்தில் மறுபடியும் மனிதரை வகுக்கும் சொல்லாயிற்று. சென்னையில் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த அதே 1948இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றி, எஸ்டேட் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. எஸ்டேட்டில் வாழ்ந்தவருக்கு ஸ்டேட் இல்லாமல் போயிற்று. மலேசியாவிலும் இங்கேயே பிறந்து, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்திய தோட்டத்து மக்களை நாம் அறிவோம்.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக வெட்டி விற்றார்கள். ‘தோட்டத் துண்டாடல்’ என்ற சொல் அப்போது பிறந்தது. மலேசியத் தமிழின் மிக வலி நிறைந்த கூட்டுச்சொற்களில் அது ஒன்று. 1954இல் உருவாகியிருந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்காகப் போராடிக்கொண்டிருந்தது. ஆனால் தோட்டமே இல்லாமல் போகும்போது கூலிக்கு எங்கே போவது? 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளரிடம் பங்குப் பணம் சேர்த்து, எஸ்டேட்டுகளை விலைக்கு வாங்கினார். பால் வெட்டியவரின் பணத்தில் பால்மரக்காடு வாங்கப்பட்டது. ‘எஸ்டேட்’ என்ற சொல்லின் உடைமைப் பொருளுக்குள் தோட்டத்துத் தமிழர் கூட்டாகக் கால் வைத்தது அப்போதுதான். அந்த முயற்சியின் பெருமையை நம் பிள்ளைகளுக்கு நாம் போதுமான அளவு சொல்லவில்லை.

இதற்கிடையில் ஆங்கிலத்தில் எஸ்டேட் வேறு ஒரு பக்கமும் வளர்ந்திருந்தது. மான்செஸ்டரை ஒட்டிய டிராஃபோர்டு பார்க் என்ற பிரபுக் குடும்பத்தின் மாளிகை நிலம் 1896இல் விற்கப்பட்டுத் தொழிற்சாலைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. சீமான் எஸ்டேட் அப்படியே தொழில் எஸ்டேட் ஆனது. சென்னைக்கு அந்த ஏற்பாடு 1958இல் கிண்டியில் வந்தது. தமிழ் அதற்குத் தொழிற்பேட்டை என்று பெயர் வைத்தது. பேட்டை என்றால் ஊருக்கு வெளியே சந்தையும் தொழிலும் கூடிய குடியிருப்பு. சைதாப்பேட்டையும் தண்டையார்பேட்டையும் நமக்கு முன்பே இருந்தன. தோட்டம் என்ற பெயர் ஆலைக்குப் பொருந்தாது என்று எவருக்கோ பட்டிருக்கிறது. நல்ல தேர்வு. பேட்டையில் பலர் கூடித் தொழில் செய்வதுதான் முதன்மை, ஒருவரின் உடைமை பின்னால் போய்விடுகிறது.

பினாங்கில் 1969இல் மாநில மேம்பாட்டுக் கழகம் தோன்றியது. பிறையில் தொழிற்பேட்டை விரிந்தது. பால்மரத்தடிக்குப் போன பெண்களின் மகள்கள் ஆலைப் பேருந்துக்குக் காத்து நின்றார்கள். தொழிற்பேட்டையின் கழிவு ஜுரு ஆற்றில் இறங்கியது. 1970களில் குவாலா ஜுருவின் மலாய் மீனவர்கள் மீன் செத்து மிதப்பதைக் கண்டு குரல் எழுப்பினார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்று, அந்தப் போராட்டத்தை நூலாகவும் வெளியிட்டது. மீனவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து கெராங் சிப்பி வளர்த்துத் தங்கள் வாழ்க்கையைத் தேடிக்கொண்டார்கள். ஜுரு என்ற பெயர் நாடெங்கும் செய்தித்தாள்களில் வந்தது அப்போது, மாசுபட்ட ஆற்றின் பெயராக. எஸ்டேட் என்ற ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள் ஒரே ஆற்றங்கரையில் இருந்தன. ஆறு இரண்டுக்கும் விலை கொடுத்தது.

பிறகு மூன்றாவது எஸ்டேட். இங்கிலாந்தில் அரசோ நிறுவனமோ வரிசையாகக் கட்டிய வீடுகளின் தொகுதிக்கும் எஸ்டேட் என்று பெயர். மலேசியாவில் அதற்கு மலாய்ப் பெயர் தாமான். தாமான் என்றால் பூங்கா, தோட்டம்! 1970களிலிருந்து தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாற மாற, தமிழர்கள் தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்தார்கள். இரண்டும் எஸ்டேட்டின் மொழிபெயர்ப்பு, இரண்டுக்கும் பொருள் தோட்டம், இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு வீட்டுக் கடன். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இன்று கேட்கும் கேள்வி “நீ எந்தத் தாமான்?” என்பதுதான். லயத்தில் சுவர் ஒட்டி வாழ்ந்தவர்கள் தாமானிலும் சுவர் ஒட்டியே வாழ்கிறார்கள். ஆனால் இந்தச் சுவரில் ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பழைய பெயர் முழுதாகப் போய்விடவில்லை. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் மலாயில் ‘லாடாங்’ என்றும் தமிழில் ‘தோட்டம்’ என்றும் இன்னும் எழுதியிருக்கிறது: ஆல்மா தோட்டத் தமிழ்ப்பள்ளி, மலாகோஃப் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. லாடாங் என்ற மலாய்ச் சொல்லும் பொருள் மாறியதே. காட்டை எரித்து ஓரிரு பருவம் பயிர் செய்து நகர்ந்துபோகும் புனத்துக்கு முன்னாளில் அந்தப் பெயர். இந்தப் பெயர்களைக் காலத்துக்கு ஒவ்வாதவை என்று மாற்றச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, கோயில் இடம் மாறிய பிறகு, அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதை எழுத்தில் காட்டும் ஒரே பொதுப்பலகை பள்ளியின் பலகையாக இருக்கும் இடங்கள் பல. அந்தப் பெயரை எடுத்தால் இடத்தின் தமிழ் வரலாறு ஒரு தலைமுறையில் அழிந்துவிடும்.

மலேசியச் சட்டநூலில் இன்னொரு எஸ்டேட்டும் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் சிறு எஸ்டேட் பங்கீட்டுச் சட்டம். உயில் எழுதாமல் இறந்தவர் விட்டுப்போன, வீடோ நிலமோ அடங்கிய, குறித்த மதிப்புக்கு உட்பட்ட சொத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சட்டம் அது. தீபகற்பத்தில் நில நிர்வாகத்தின் வழியாகவே அது நடக்கும். லயத்தில் பிறந்து, சிறுவயதில் பால் வெட்டி, பிறையில் ஆலை வேலை பார்த்து, ஒரு தாமானில் வரிசை வீடு வாங்கித் தவணை கட்டி முடித்த அம்மா கண்மூடினால், பிள்ளைகள் கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், பெயர் மாற்ற நில அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். அந்த மனுவில் வீட்டுக்கு எஸ்டேட் என்றுதான் பெயர். பிள்ளைகளோ அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. “அம்மா வீட்டுக் கிராண்டு விஷயமா வந்திருக்கோம்” என்பார்கள். அம்மா எந்த எஸ்டேட்டில் பிறந்தார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இந்த எஸ்டேட்டில் யார் யாருக்கு எத்தனை பங்கு என்பதே அங்கே கேள்வி.